கல்லீரல் கட்டியும் மெழுகுக் கட்டையும்

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் லால்குடிக்குச் சென்ற நான், அதில் பெரும்பகுதியைத் திருச்சி மருத்துவமனைகளின் வராந்தாக்களில் கழித்தேன். பெரியப்பாவுக்கு மாலைதோறும் காய்ச்சல். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார்.

ஸ்கேன் வசதியைக் குறை சொல்வதற்கில்லை. காலையில் சாயம் ஏற்றி சி.டி. எடுத்தார்கள், மாலையிலேயே அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. ஏழு சென்டிமீட்டர் கட்டி, கல்லீரலிலேயே தோன்றிய புற்றாக இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. முதலில் பார்த்த அறுவை மருத்துவர் அந்த ‘இருக்கலாம்’ என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அறுவைக்கு நாள் குறித்து, முன்பணமும் கட்டச் சொன்னார்.

அத்தை மகனின் வற்புறுத்தலால் வேறொரு கல்லீரல் மருத்துவரிடம் சென்றோம். டோக்கன் எண் 64. உள்ளே போகும்போது இரவு ஒன்பதரை மணி. அவர் அறிக்கையை ஒதுக்கிவிட்டு, சி.டி. படங்களையே திரையில் ஓடவிட்டார். ஈரல் புற்று, தமனி வழியே சாயம் வரும் வேளையில் பளிச்சென ஒளிர்ந்து, பிறகு சாயத்தை இழந்து சுற்றியுள்ள ஈரலைவிடக் கருத்துத் தெரிவதே வழக்கம் என்றும், இந்தக் கட்டியோ தொடக்கம் முதல் மங்கலாகவே இருப்பதோடு, இரத்தக் குழாய்கள் நெளியாமல் இதனூடே செல்கின்றன என்றும் விரலால் தொட்டுக் காட்டினார். இரத்தச் சோதனையில், ஈரல் புற்றில் பெரும்பாலும் உயரும் ஏ.எஃப்.பி. என்ற புரதம் இயல்பாகவும், லிம்போமாவில் உயரக்கூடிய எல்.டி.எச். என்ற நொதி மிக உயர்ந்தும் இருந்தன. இது லிம்போமாவாக, அதாவது நிணநீர்ச் செல்களில் தோன்றும் புற்றாக இருக்கலாம் என்பது அவரது சந்தேகம். ஏ.எஃப்.பி. இயல்பாக இருப்பதாலேயே ஈரல் புற்று இல்லை என்றாகிவிடாது என்பதையும் அவரே சொன்னார். ஈரல் சுருக்கமோ நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றோ உள்ளவர்களுக்குத்தான் படத்தை மட்டும் கொண்டு ஈரல் புற்றென்று முடிவு செய்வதுண்டு. பெரியப்பாவுக்கு இரண்டும் இல்லாததால், திசு எடுத்தே தீர வேண்டும் என்றார். காய்ச்சலுக்காக யாரேனும் ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா செல்கள் கரைந்து பயாப்சி குழம்பிவிடும் என்பதால், அதுவரை அந்த மாத்திரை கூடவே கூடாது என்று சீட்டில் அடிக்கோடிட்டு எழுதினார். இந்த ஒரு வரியை எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரிடமும் காட்டி வைத்தேன்.

மறுநாள் அல்ட்ராசவுண்டு பார்த்தபடி ஊசி செலுத்தித் திசு எடுத்தார்கள். ஃபார்மலின் குப்பியில் சேமியா இழைகளைப் போல மூன்று துண்டுகள் மிதந்தன; குப்பியில் ஒட்டிய பெயரை நானே ஒருமுறை சரிபார்த்தேன். அதன்பின் எட்டு நாள் காத்திருப்பு. “சென்னையிலிருந்து வரணும் சார்” என்பதற்கு மேல் கவுண்டரில் விளக்கம் கிடைக்கவில்லை. சாதாரணச் சாயத்தில் புற்றுச் செல் என்று மட்டுமே தெரிந்ததால், எந்த வகைச் செல் என்று பிரித்தறியும் இம்யூனோ சோதனைக்கு, திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டை கூரியரில் போயிருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், பெரியம்மா அத்தனை இரவுகள் விழித்திருக்க மாட்டார்.

முடிவு வந்தது: பி வகை நிணநீர்ச் செல்லின் குறியீடான சிடி20 நேர்மறை, ஈரல் செல்லுக்கான குறியீடுகள் எதிர்மறை. பெருஞ்செல் பி வகை லிம்போமா. வேறெங்கும் பரவியுள்ளதா என்று பெட் ஸ்கேன் எடுத்தபின், அறுவை கைவிடப்பட்டு, ஆர்-சாப் மருந்துச் சிகிச்சையின் முதல் சுற்று நான் விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு தொடங்கியது. மெழுகுக் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி வந்தோம்; பெரியம்மா அவற்றை பீரோவில் ரேஷன் கார்டுடன் வைத்திருக்கிறார்.