யாழினியா, தேன்மொழியா? பெயர்களின் தேய்மானம் பற்றி ஓர் அலசல்

பெண் குழந்தைக்குக் காதுக்கு இனிமையான தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வரிசைகளில் ஒன்றில் வந்து நிற்கிறார்கள். ஒன்று யாழினி, இனியா, நிலா, மகிழினி என்று போகும் சின்னப் பெயர்கள். இன்னொன்று தேன்மொழி, கனிமொழி, பண்மொழி என்று ‘மொழி’யில் முடியும் கொஞ்சம் பழைய வரிசை. முதல் வரிசையில் ஓசை இனிக்கிறது. இரண்டாவது வரிசையில், இனிக்கப் பேசுகிறவள் என்ற பொருளும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டில் கடைசிச் சுற்றுக்கு வந்தவை யாழினியும் தேன்மொழியும். தேன்மொழி ஜெயித்தது. ஆகவே நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். பொருளில் இரண்டுமே குறையில்லை. நீளத்தில் ஒரே எழுத்துதான் வித்தியாசம்: யாழினிக்கு மூன்று, தேன்மொழிக்கு நான்கு. யாழினி இந்தக் காலத்துப் பெயர். தேன்மொழி என்றாலே “எங்க அத்தை பேரு” என்று ஒருவராவது சொல்வார். அது உண்மைதான், மறுக்க முடியாது. அதே சமயம், ஒரு வகுப்பில் இரண்டு யாழினி இருந்து இனிஷியலோடு கூப்பிடும் நிலை தேன்மொழிக்கு இப்போது வருவது அபூர்வம். எண் கணிதம் பார்ப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

எங்களுக்கு முடிவைத் தந்தது தேய்மானம். பெயரை வைப்பது நாம். அதைத் தினமும் வாயில் போட்டு மெல்லுவது ஊர். அப்படி மென்ற பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும் என்றாலும், பெயரை ஓராண்டு வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம் என்பது நிறையப் பேர் கவனிக்காத வசதி. நாங்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டு இரண்டு பெயரையும் வீட்டில் மாற்றி மாற்றிப் புழங்கவிட்டோம்.

முதலில் தேய்வது ழகரம். நாக்கு நுனியை மேலே வளைத்து அண்ணத்தை வருடினால் ழகரம் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். அவசரத்தில் யார் நாக்கு அவ்வளவு வளைகிறது? மதுரைப் பக்கமும் தெற்கேயும் பலர் வாயில் அது ளகரமாகிவிடும். பழைய சென்னைப் பேச்சில் யகரமாகும். வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆவது அப்படித்தான். இரண்டு பெயரிலும் ‘ழி’ இருக்கிறது, இரண்டும் தேயத்தான் செய்யும். ஆனால் தேய்ந்து எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் விஷயம். என் அப்பா “யாளினிக் குட்டி எங்கே?” என்று ஆசையாகக் கேட்டபோது, கோயில் மண்டபத் தூணில் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பிதுங்கிய கண்ணோடு நிற்கும் யாளிதான் என் கண் முன்னே வந்தது. அப்புறம் எத்தனை முறை கேட்டாலும் அந்த யாளி போகவில்லை. தேன்மொழி ‘தேன்மொளி’ ஆனாலும் ‘தேன்மொயி’ ஆனாலும் வேறெந்தச் சொல்லோடும் போய் ஒட்டிக்கொள்வதில்லை. முன்னால் இருக்கும் தேன் கெட்டியாக நிற்கிறது. பின்பாதி எப்படிச் சிதைந்தாலும் பெயர் புரிந்துவிடுகிறது.

தேன்மொழியிலும் ஒரு முடிச்சு உண்டு. ‘ன்’னும் ‘ம’வும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வேகமாகச் சொன்னால் ‘தேம்மொழி’ என்றுதான் வரும். என் மனைவி இதைத்தான் பெரிய குறையாகச் சொன்னார். அதற்கு எனக்கு நன்னூலில் பதில் கிடைத்தது. ‘தேன்மொழி’ என்றே தொடங்கும் நூற்பா ஒன்று அதில் இருக்கிறது. அங்கே அது யார் பெயரும் இல்லை, தேன் என்ற சொல்லைத்தான் குறிக்கிறது. பின்னால் மெல்லினம் வந்தால் தேன் அப்படியே நிற்கலாம், அல்லது கடைசி ‘ன்’ விழுந்துவிடலாம் என்று அந்த நூற்பா அனுமதி தருகிறது. அதாவது தேன்மொழியும் சரி, தேமொழியும் சரி. பழைய பாட்டுகளில் இனிய சொல் பேசும் பெண்ணைத் ‘தேமொழி’ என்றே அழைப்பார்கள். நன்னூலை எழுதிய பவணந்தியார் தேய்மானத்துக்கு முன்கூட்டியே ரசீது கொடுத்துவிட்டார் என்று நான் வாதாடினேன். மனைவி சிரித்தாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்தது கூப்பிடும்போது என்ன ஆகிறது என்பது. இகரத்தில் முடியும் பெயரைக் கூப்பிட்டால் கடைசி எழுத்து ஈகாரமாக நீளும். நம்பி ‘நம்பீ’ ஆவது போல. யாழினீ, தேன்மொழீ. இரண்டும் மாடியிலிருந்து தெருவுக்குக் கேட்கும், இதில் சமம். நிலா, இனியா போன்றவை ஏற்கெனவே நெடிலில் முடிவதால் கூப்பிட இன்னும் சுலபம். திணறுவது மெய்யெழுத்தில் முடியும் புதுப் பெயர்கள்தான். மகிழ், எழில், கவின் எல்லாம் எழுத்தில் பார்க்க அவ்வளவு அழகு. பேச்சில் ஓர் உகரம் போய் ஒட்டிக்கொள்கிறது: மகிளு, எளிலு, கவினு. பெரிய ஊனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோர் ஆசைப்பட்ட அந்தக் கச்சிதம் முதல் நாளே போய்விடும். முருகன், செழியன் மாதிரி ‘அன்’னில் முடிகிறவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, முருகா, செழியா என்று அழகாகத் திறந்துகொள்ளும்.

செல்லப் பெயர் என்று வரும்போது எனக்குச் சந்தேகமே இல்லை. நீளமான பெயரை வேண்டிய அளவுக்குக் குறுக்கிக்கொள்ளலாம். தேனு, தேனும்மா, தேன்குட்டி, கோபம் வந்தால் முழுசாக “தேன்மொழி!” என்று வீட்டுக்குள்ளேயே நாலு படி கிடைக்கிறது. முழுப் பெயர் காதில் விழுந்ததும் விளையாட்டுச் சாமானை எடுத்து வைக்க ஆரம்பிக்கிறாள். யாழினியையும் ‘யாழி’ என்று சுருக்கலாம். அப்பா வாயில் அது மறுபடியும் நேராக யாளியிலேயே போய் நிற்கும். நிலாவைக் குறுக்க இடமே இல்லை. ‘குட்டி’, ‘பாப்பா’ என்று வெளியிலிருந்துதான் ஏதாவது சேர்க்க வேண்டும்.

மனைவிக்குப் பிறந்த ஊர் வேதாரண்யம் பக்கம். அங்கே மறைக்காட்டுக் கோயிலில் அம்மன் பெயர் யாழைப் பழித்த மொழியாள். அம்மன் குரலைக் கேட்ட சரஸ்வதி வெட்கப்பட்டு வீணையைக் கீழே வைத்துவிட்டாள் என்று கதை. அங்குள்ள சரஸ்வதி கையில் வீணை இருக்காது. அடைத்துக்கிடந்த கோயில் கதவைத் திறக்கச் சொல்லி அப்பர் பாடிய பதிகம், அந்த அம்மனைப் ‘பண்ணின் நேர்மொழியாள்’ என்று சொல்லித்தான் தொடங்குகிறது. “யாழுக்கும் மொழிக்கும் நடந்த போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்று எங்கள் ஊரில் கேளுங்கள், மாப்பிள்ளை” என்றார் மாமியார். மனைவி இறங்கி வந்தது நன்னூலால் அல்ல, இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டு பெயருக்குமே தலைவலி. ழகரத்துக்கு இசட்-எச் போடுவதுதான் இப்போதைய வழக்கம். ஆலப்புழையும் கோழிக்கோடும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் தமிழ்நாடு என்ற பெயரில் எல் போடுகிறோம். பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஆகிவிட்டால் பிறகு திருத்த அலைய வேண்டும். 2020 ஜூனில் தமிழக அரசே ஆயிரத்துச் சொச்சம் ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் மாற்றி ஆணை வெளியிட்டுவிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். அரசுக்கே அந்தப் பாடு. வட இந்தியர்கள் இசட்-எச்சைப் பார்த்தால் ‘ஸ’ அல்லது ‘ஜ’ என்று படிப்பார்கள். இந்த ஒரு கணக்கில் இனியாவும் நிலாவும் நம் இரண்டு பெயரையும் தாண்டிப் போய்விடுகின்றன. வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ பிள்ளை வளரப் போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் நானே நிலா பக்கம் சாய்ந்திருப்பேன்.

எங்கள் அனுபவம் வீட்டுக்கும் தெருவுக்கும் உள்ளேதான். இன்னும் அவள் பள்ளிக்குப் போகவில்லை; அங்கே பிள்ளைகள் என்ன பட்டப்பெயர் கட்டுவார்கள் என்று இப்போதே சொல்ல முடியாது. ஆண் குழந்தை வைத்திருப்பவர்கள் ‘மொழி’ வரிசையை விட்டுவிடலாம். அன்புமொழி என்று ஆணுக்கு வைத்துக் கேட்டிருக்கிறேன், ஆனால் பழகிப் பார்த்ததில்லை. எதை வைத்தாலும், பதிவு அலுவலகத்தில் கொடுக்கும் தாளில் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் நீங்களே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்; தட்டச்சு செய்பவர் முடிவுக்கு விடாதீர்கள்.