கரண்டு போகவே இல்லை: சர்வர் போர்டை பயோஸ் அப்டேட்டுக்குக் கொடுத்து ஏமாந்த கதை

செந்தூலில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, காதணி விழா அழைப்பு, கோவில் திருவிழா நோட்டீஸ் என்று பன்னிரண்டு வருட டிசைன் அத்தனையும் ஒரே சர்வரில். அந்தச் சர்வரைக் கோலாலம்பூர் நகருக்குள் ஒரு கடையில் பயோஸ் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடி மற்றதை எழுப்பும் மென்பொருள்) அப்டேட்டுக்குக் கொடுத்து 670 வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) மூன்று வார வேலையும் தொலைத்தேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை, அது ஒன்று. இன்னொன்று, இதே மாதிரி செய்கிற கடை வேறு நாலு இருக்கும், ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றதைத் தப்பவிடுவானேன்.

சர்வர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மதர்போர்டு சூப்பர்மைக்ரோ எச்11எஸ்எஸ்எல்-ஐ, அதில் ஏஎம்டியின் எபிக் 7251 சிபியு, எட்டு கோர். ஐம்பது பக்கத் திருவிழா மலரை அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பினால், எழுந்து போய்த் தே தாரே குடித்துவிட்டு வரலாம், அப்போதும் முடிந்திருக்காது. அப்படியிருக்கும்போது தெரிந்தவர் ஒருவர் எபிக் 7302 ஒன்று கைவசம் இருப்பதாகச் சொன்னார். பதினாறு கோர், 2019-இல் வந்த தலைமுறை. என்னுடையது 2017 தலைமுறை. இரண்டுக்கும் சாக்கெட், அதாவது போர்டில் சிபியு உட்காரும் இடம், ஒன்றுதான், எஸ்பி3. சாக்கெட் ஒன்றுதானே, பயோஸை மட்டும் புதுப்பித்தால் ஓடிவிடும் என்று நானே முடிவுகட்டி அதை வாங்கிவிட்டேன். இதில் பாதித் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

கடையில் இருந்தது நம் பையன்தான். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணே, பயோஸ் அப்டேட் பண்ணினா போதும், சிபியுவைத் தூக்கிப் போட்டா ஓடும். இதெல்லாம் நாங்க தினமும் பண்றது" என்றான். கூலி 250 வெள்ளி. சரி என்றேன். ரசீது எழுதும்போது உள்ளேயிருந்து முதலாளி வந்தார். இந்த போர்டுக்கு லைசென்ஸ் வாங்கினால்தான் பயோஸ் ஏற்ற முடியும், அதற்குத் தனியாக 420 என்றார்.

இந்த லைசென்ஸ் கதை முழுப் பொய்யில்லை, அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. சர்வர் போர்டில் பிஎம்சி என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் தனியாக உட்கார்ந்திருக்கும். அதன் வெப் பக்கம் வழியாக, மெஷின் பக்கமே போகாமல் தூரத்திலிருந்து பயோஸ் ஏற்றவேண்டுமானால் அந்த போர்டுகளில் லைசென்ஸ் கேட்கும். ஒவ்வொரு பிஎம்சியின் மேக் முகவரிக்கும் (அதன் நெட்வொர்க் அடையாள எண்) தனித்தனிச் சாவி. ஆனால் மெஷின் கண்ணெதிரே மேசையில் இருக்கும்போது அது எதற்கு? பயோஸ் கோப்பை ஒரு விரலியில் (பென் டிரைவ்) போட்டு, யூஇஎஃப்ஐ ஷெல் என்கிற கட்டளைத் திரையில் பூட் செய்து ஓட்டினால் ஒரு சென் செலவில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு 670 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் 'பயோஸ், லைசென்ஸ்' என்று இரண்டே வார்த்தை. சாவியும் இல்லை, எண்ணும் இல்லை.

ஒரு காரியம் மட்டும் உருப்படியாக நடந்தது. காடியில் (காரில்) ஏற்றுவதற்கு முன் ஹார்டிஸ்க் நான்கையும் கழற்றி வைக்கச் சொல்லி என் மகள் பிடிவாதம் பிடித்தாள். பயோஸ் வேலைக்கு டிஸ்க் எதற்குப்பா என்றாள். அவள் மட்டும் அன்றைக்குப் பள்ளிக்குப் போயிருந்தால் இந்தப் பதிவின் தொனியே வேறு மாதிரி இருந்திருக்கும்.

திங்கட்கிழமை கொடுத்தேன். வியாழன் மதியம் போன் வந்தது. புதன் சாயங்காலம் அப்டேட் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்டு போய்விட்டதாம், அரைமணி நேரம் கழித்து வந்ததாம், மறுபடி முயன்று பார்த்தார்களாம், போர்டு எழுந்திருக்கவில்லையாம். "கரண்டு போனா நாங்க என்ன பண்ண முடியும் அண்ணே?" வேறு போர்டு வரவழைத்துத் தர 2,600 வெள்ளி, எனக்காகக் குறைத்து 2,400.

நான் முக்கால்வாசி நம்பிவிட்டேன். கோலாலம்பூரில் சாயங்காலம் இடிக்கும் இடியை யார் சந்தேகப்படுவார்கள்? எங்கள் கடைவீட்டிலேயே மழைக்காலத்தில் வாரத்துக்கு இருமுறை டிரிப் ஆகும். போர்டைத் திரும்பக் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று தூக்கிக்கொண்டு வந்தேன்.

நண்பர் ஒருவர் பூடுவில் ஒரு பெரியவரைக் காட்டினார். சீனர், மடிக்கணினி போர்டு பழுதுபார்ப்பவர், மேசை முழுக்க மைக்ரோஸ்கோப்பும் ஈயமும். அங்கிள் பெட்டியைத் திறந்து பவர் கேபிளைச் சொருகினார். போர்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி மினுக்மினுக் என்று துடித்தது. "இது சாகவில்லையே" என்றார் மலாயில். துடித்தது பிஎம்சியின் விளக்கு. பயோஸ் செத்தாலும் பிஎம்சி உயிரோடு இருக்கும். அதற்குத் தனிச் சிப், தனி ஃபர்ம்வேர், கேபிளில் கரண்டு இருந்தால் போதும்.

நெட்வொர்க் கேபிளைச் சொருகி பிரௌசரில் திறந்தோம். பாஸ்வேர்டு நான் வைத்தது அப்படியே இருந்தது. அதை நான் கடையில் சொல்லவே இல்லை, அவர்களும் கேட்கவில்லை. வெப் பக்கம் வழியாக பயோஸ் ஏற்றத்தான் லைசென்ஸ், வெப் பக்கத்துக்குள் போகப் பாஸ்வேர்டு வேண்டும். அப்படியானால் 420 வெள்ளி லைசென்ஸை எங்கே போட்டார்கள்? லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். சாவி எதுவும் ஏற்றப்படவில்லை.

அப்புறம் அங்கிள் பிஎம்சியின் நிகழ்வுப் பதிவைத் திறந்தார். மின்வெட்டுத் தொல்லைக்காக முன்பே அதில் ஒரு பெட்டியை டிக் செய்து வைத்திருந்தேன். கேபிளில் கரண்டு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதும். நேரம் எல்லாம் கோணல்மாணலாக இருந்தது, அதிகாலை 3:52 என்று காட்டியது. கடையில் யாருக்கு அவ்வளவு உழைப்பு என்று நினைத்தேன். அங்கிள் சிரித்துக்கொண்டே எட்டு மணி நேரம் கூட்டச் சொன்னார், கடிகாரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருந்திருக்கிறது. கூட்டினால் செவ்வாய் பகல் 11:52. அடுத்த வரி செவ்வாய் மாலை 5:20. அதற்கடுத்த வரி அங்கிளின் மேசையில், நாங்கள் கேபிளைச் சொருகிய நிமிடம். புதன்கிழமைக்கு ஒரு வரிகூட இல்லை. கரண்டு போய் அரைமணியில் வந்திருந்தால் வந்த நேரத்தை எழுதியிருக்குமே. இடியும் இல்லை, மின்னலும் இல்லை, போர்டே சாட்சி சொல்லிவிட்டது.

பிறகு என்னதான் நடந்தது? அங்கிள் கேபிளை உருவிவிட்டு, பயோஸ் சிப்பின் கால்களில், சிப்பை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் உதவும் கிளிப்பை மாட்டி உள்ளே இருந்ததைப் படித்தார். சிப் 16 மெகாபைட். எழுதியிருந்தது 2019 தலைமுறை சிபியுவுக்கான பயோஸ். அந்தக் கோப்பு 32 மெகாபைட். அரைப்படிச் சட்டியில் ஒரு படி அரிசியைக் கொட்டிய மாதிரி முதல் பாதி மட்டும் உள்ளே இருந்தது, மீதிக்கு இடமில்லை. முறையான அப்டேட் கருவியாக இருந்தால் அளவு பொருந்தவில்லை என்று மறுத்திருக்கும், இவர்கள் கிளிப் போட்டு அடித்திருக்கிறார்கள் என்றார் அங்கிள். செவ்வாய் மாலை 5:20 எதற்கென்று அப்போது புரிந்தது. கிளிப் போடக் கேபிளை உருவியிருக்கிறார்கள், முடித்துவிட்டுத் திரும்பச் சொருகியிருக்கிறார்கள்.

அதற்குப் பின் அவர் டார்ச்சை அடித்து போர்டின் ஒரு மூலையைக் காட்டினார். மாடல் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில், நகக்கண் அளவு: ரெவ் 1.01, அதாவது போர்டின் ரெவிஷன் (பதிப்பு) எண். இதே மாடலில் 7002 வரிசை சிபியு (என் 7302 அந்த வரிசைதான்) ஓட ரெவிஷன் 2.0 அல்லது அதற்கு மேல் வேண்டும். தயாரிப்பாளரின் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பழைய ரெவிஷனில் சிப் சின்னது, புது பயோஸ் அதில் அடங்காது. அதாவது என் போர்டில் இந்த அப்டேட் எந்தக் காலத்திலும் நடந்திருக்காது. அன்றைக்குக் கடையில் மூடியைத் திறந்து அந்த எழுத்தைப் படித்திருந்தால் அரை நிமிடத்தில், "அண்ணே இது ஆகாது" என்று அனுப்பியிருக்கலாம். திறக்கவில்லை. அதற்குப் பதில் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

அங்கிள் சிப்பை அழித்து, என் ரெவிஷனுக்குரிய கோப்பை எழுதி, மறுபடி படித்து ஒப்பிட்டு, பழைய எட்டு கோர் சிபியுவைப் பூட்டினார். சாக்கெட்டின் மூன்று திருகுகளையும் அதில் பொறித்த எண் வரிசைப்படிதான் முடுக்கினார், அவ்வளவு நிதானம். ஓடியது. கூலி 180 வெள்ளி. ஆனால் போர்டின் சீரியல் எண்ணும் அடையாள எண்ணும் பழைய பயோஸ் சிப்பில் இருந்தவை, அவை போயே போய்விட்டன. கடையில் எழுதுவதற்கு முன் ஒரு நகல் எடுத்திருந்தால் இருந்திருக்கும். எங்கள் அச்சு மென்பொருளோ இதைப் புது மெஷின் என்று நினைத்து லைசென்ஸைப் பூட்டிக்கொண்டது. விற்றவர்களிடம் கெஞ்சித் திறக்கப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளில் இரண்டு கல்யாணக் கார்டு ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போனது, அதில் ஒன்று என் சொந்த மச்சான் வீட்டுக் கல்யாணம்.

பிஎம்சியின் நிகழ்வுப் பதிவை அச்சடித்து (அச்சகம் எனக்கு, அந்தச் செலவில்லை) கடைக்குப் போனேன். முதலாளி தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெஷின் ஆயிரம் சொல்லும் அண்ணே, அதெல்லாம் கணக்கா?" என்றார். லைசென்ஸ் சாவியைக் காட்டுங்கள் என்றேன். சப்ளையரிடம் இருக்கிறது, அனுப்புகிறேன் என்றார். அன்று இரவே புலனத்தில் (வாட்ஸ்அப்) என்னை பிளாக் செய்துவிட்டார்.

அப்புறம் எங்கே போவது? முதலில் நினைவுக்கு வந்தது பயனீட்டாளர் நடுவர் மன்றம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடப்பது, 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். ஆனால் அது வீட்டுக்கும் சொந்த உபயோகத்துக்கும் வாங்குகிற பொருளுக்கும் சேவைக்கும். தொழிலுக்கு ஓடும் சர்வர் அதில் சேராது. வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். எனக்கு மிச்சம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை. 5,000 வெள்ளி வரை, தனிநபராக இருந்தால் வழக்கறிஞர் இல்லாமல் நாமே தாக்கல் செய்யலாம். அச்சகம் என் ஒருவன் பெயரில் இருப்பதால் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நோட்டீஸ் போன மறுநாள் வேறு எண்ணிலிருந்து அழைப்பு. 420-ஐத் திருப்பித் தருகிறோம், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். 250-ம் அங்கிளுக்குக் கொடுத்த 180-ம் சேர்த்துத் தந்தால் பேசலாம் என்றேன். இன்னும் பதில் இல்லை.

இனி நான் யாரிடமாவது போர்டைக் கொடுத்தால், டார்ச் அடித்து ரெவிஷன் எண்ணை அவர் படித்த பிறகுதான் காசுப் பேச்சு. அழிப்பதற்கு முன் சிப்பின் நகலை என் விரலியில் போட்டுத் தரவேண்டும். லைசென்ஸ் என்றால் சாவி எண் ரசீதில் ஏறவேண்டும், டிஸ்க் வீட்டில் இருக்கும், பாஸ்வேர்டு என்னிடம் இருக்கும்.

எபிக் 7302 இப்போது மேசை டிராயரில், கல்யாணக் கார்டு சாம்பிள்களுக்கு அடியில் கிடக்கிறது. எச்11எஸ்எஸ்எல்-ஐ ரெவிஷன் 2.0 வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள், வாங்கின விலைக்கே தருகிறேன். போர்டின் அந்த மூலையைப் போட்டோ எடுத்து முதலில் அனுப்பிவிடுங்கள்.