மேட்டுப்பாளையம் பட்டறைகளின் எஃப்.சி. பேக்கேஜ்: மலை லாரிக்கு இது போதுமா?

எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்றின் தேதி நெருங்கினால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி லாரிகள் பல மலை இறங்கி மேட்டுப்பாளையம், காரமடை பக்கத்துப் பட்டறைகளில் வந்து நிற்கும். அங்கே 'முழு பேக்கேஜ்' என்று ஒரே தொகை பேசுகிறார்கள். டிங்கரிங், பெயின்டிங், லைட், ரிஃப்ளெக்டர் டேப், ஸ்பீடு கவர்னர் எனும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கான சான்று, புகைச் சான்று, கடைசியில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் (மோட்டார் வாகன ஆய்வாளரிடம்) வண்டியைக் காட்டி வருவது வரை எல்லாம் அதில் அடக்கம். பேப்பர் வேலைக்கும் பாடி வேலைக்கும் இந்த பேக்கேஜ் நல்லது, தாராளமாகக் கொடுக்கலாம். பிரேக் வேலையை மட்டும் இதற்குள் விடக் கூடாது. அதைத் தனியாகப் பேசி, கூடவே நின்று செய்து வாங்க வேண்டும்.

பேக்கேஜின் பெரிய பலம் தேதி தவறாமல் முடிப்பது. புது லாரிக்கு முதல் எஃப்.சி. 2 ஆண்டு. வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆம் பிரிவின்படி, செல்லுபடியாகும் எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது. எஃப்.சி. இல்லாத நாளில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இந்தத் தேதியைத்தான். வரி, இன்சூரன்ஸ், நிலுவைச் சலான் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்து முடிக்கிற பட்டறைதான் நல்ல பட்டறை. வண்டியை விடும்போதே "சலான் பாக்கி பார்த்தீங்களாண்ணா?" என்று கேட்டுவிடுங்கள்.

டேப் வேலையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஏ.ஐ.எஸ். 090 தரச் சான்று டேப்பிலேயே அச்சிட்டிருக்க வேண்டும், அதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கெடுவது ஒட்டும் விதத்தில்தான். பெயின்ட் முழுதாகக் காயும் முன் அவசரத்தில் ஒட்டினால் முதல் மழைக்கே ஓரம் தூக்கிக்கொள்ளும். தின்னர் போட்டுத் துடைத்து, உலர்ந்த தகட்டில் அழுத்தித் தேய்த்து ஒட்டினால்தான் நிற்கும். காட்டேரி, குன்னூர்ப் பக்கம் பனிமூட்டத்தில் ஓரமாக நிற்கும் லாரியைப் பின்னால் வருபவருக்குக் காட்டுவது இந்த டேப்தான். இதை எஃப்.சி. நாளுக்கான அலங்காரமாக நினைக்க வேண்டாம்.

அடுத்து பிரேக். எஃப்.சி. சோதனை சமதளத்தில், காலி வண்டியில், டிரம் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளை) குளிர்ந்திருக்கும்போது நடக்கிறது. மலை அப்படியில்லை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தேயிலை என்று நீலகிரியின் லோடு பெரும்பாலும் இறங்குகிற லோடு. ஒன்றரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து 16 டன் வண்டியை இறக்கும்போது அந்த எடையின் ஆற்றலெல்லாம் வெப்பமாக மாறி எங்கேயாவது போயாக வேண்டும். இன்ஜின் தாங்காத மிச்சத்தை டிரம்மும், அதன் உள்ளே உரசிப் பிடிக்கும் லைனரும் வாங்குகின்றன. சூடானால் இரும்பு டிரம் விரியும். லைனர் டிரம்மைத் தொட, காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக் சேம்பரின் தள்ளுதண்டு, அதாவது புஷ்ராடு, இன்னும் கொஞ்சம் வெளியே வர வேண்டியிருக்கும். குளிரில் சுமாராகப் பிடிக்கிற பிரேக், குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசிகளில் பாதி தாண்டியதும் பிடிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். லைனரும் சூட்டில் மினுமினுப்பாகி உராய்வை இழக்கும். டிரைவர் பெடலை முழுதாக மிதித்திருப்பார், காற்றும் இருக்கும், வண்டி நிற்காது.

அதனால் பட்டறையில் கேட்க வேண்டிய முதல் அளவு புஷ்ராடு ஓட்டம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டேங்கில் 6 முதல் 7 பார் காற்று ஏற்றி, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். புஷ்ராடில் சேம்பர் ஓரமாகச் சாக்பீஸ் கோடு போட்டு, ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். டைப் 30 சேம்பருக்கு சுமார் 50 மி.மீ., டைப் 24-க்கு சுமார் 44 மி.மீ. தாண்டினால் அந்தச் சக்கரத்தின் பிரேக் மலைக்கு ஆகாது. எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஆகாது, சூட்டில் தாண்டிவிடும். எல்லாச் சக்கரத்துக்கும் அளந்து பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேக்கேஜில் யாரும் தானாக இதைச் செய்வதில்லை. கேட்டால் செய்கிறார்கள், பத்து நிமிட வேலைதான்.

பேக்கேஜில் வழக்கமாகச் செய்வது 'பிரேக் டைட்' வைப்பது. லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர், கையால் திருப்பும் மேனுவல் வகையாக இருந்தால் அது சரியான வேலை: லைனர் டிரம்மைத் தொடும்வரை போல்ட்டைத் திருப்பி, சக்கரம் உரசாமல் சுற்றும் அளவுக்குப் பின்னால் தளர்த்துவது. ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டரில் இதையே செய்வது கெடுதல். அது தானாகவே இடைவெளியைச் சரிசெய்யும் கருவி. ஓட்டம் அதிகமாகிறது என்றால் லைனரை விரிக்கும் எஸ்-கேம் தண்டின் புஷ் தேய்ந்திருக்கும், மாட்டிய கோணம் தப்பாக இருக்கும், அல்லது அட்ஜஸ்டரே போயிருக்கும். ஸ்பேனர் போட்டு இழுத்துவிட்டால் எஃப்.சி. நாளில் அளவு சரியாகக் காட்டும், உள்ளே பல்சக்கரம் இன்னும் தேயும், சில வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஸ்பேனரை எடுக்கிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைத் தர வேண்டாம்.

லைனர் மாற்றினால் ஒரு ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி லைனரை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஈரமான கொண்டை ஊசியில் அது பள்ளத்துப் பக்கமாகவும் இருக்கலாம். ஹப் ஆயில் சீலில் கசிவு இருந்து கிரீஸ் லைனரில் பட்டிருந்தால், மணல்தாள் தேய்த்துப் போடுவது வேலையே அல்ல. சீலையும் லைனரையும் சேர்த்து மாற்ற வேண்டும். டிரம்மில் சூட்டு வெடிப்பு இருக்கிறதா என்று கழற்றும்போதே பாருங்கள். கடைந்து கடைந்து விட்டம் எல்லையைத் தாண்டிய டிரம்மை மலை வண்டிக்கு மாட்டக் கூடாது.

முக்கியமாக, புது லைனர் போட்ட மறுநாளே முழு லோடோடு மலை இறங்கக் கூடாது. லைனர் டிரம்மில் உட்காரும்வரை முழுப் பரப்பும் தொடாது. எஃப்.சி.-க்கு முந்தைய நாள் லைனர் மாற்றி, எஃப்.சி. முடித்து, அன்று இரவே ஊட்டிப் பக்கத்து பாலாடாவில் கேரட் ஏற்றுவது மிக ஆபத்தான பழக்கம். எஃப்.சி. தேதிக்குப் பத்து நாள் முன்பே பிரேக் வேலையை முடித்து, அந்த இடைவெளியில் சமவெளியில் லேசான லோடு ஓட்டிவிடுவது நல்லது.

காற்று விஷயத்தில் பேக்கேஜ் செய்வது டேங்கைத் திறந்து தண்ணீர் வடிப்பதோடு சரி. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் கேட்ரிட்ஜ் எப்போது மாற்றியது என்று யாரும் கேட்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் எமரால்டு, அவலாஞ்சிப் பக்கம் இரவில் உறைபனி விழும். லைனில் ஈரம் இருந்தால் வால்வுக்குள் உறைந்து, காலையில் பிரேக் விடுபடாமலோ பிடிக்காமலோ போகும். கசிவுச் சோதனையும் எளிது: முழு அழுத்தம் ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, பெடலை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் கேஜைப் பாருங்கள். 3 பி.எஸ்.ஐ.-க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரியும்.

புகையை அடைத்து இன்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கை எந்த பேக்கேஜிலும் சேர்த்துப் பார்த்ததில்லை, எஃப்.சி.-யிலும் அதை யாரும் பார்ப்பதில்லை. மலை லாரிக்கு மிக அவசியமான பாகம் இதுதான். புகைக்குழாயில் இருக்கும் பட்டர்ஃபிளை வால்வு கரி அடைத்து இறுகிவிடும். சுவிட்ச் போட்டால் சிலிண்டர் நகர்கிறதா, வால்வு முழுதாக மூடுகிறதா, விட்டால் முழுதாகத் திறக்கிறதா என்று கீழே படுத்துப் பார்க்க வேண்டும். கியரில், கிளட்ச் மிதிக்காமல், ஆர்.பி.எம். ஓரளவு ஏறியிருக்கும்போதுதான் அது வேலை செய்யும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிற டிரைவருக்கு எந்தப் பட்டறையும் உதவ முடியாது.

ஸ்பீடு கவர்னரைப் பற்றி ஒரு தவறான தைரியம் பலருக்கு இருக்கிறது. சரக்கு வண்டிக்கு 80 கி.மீ., ஆபத்தான பொருள் ஏற்றும் டேங்கருக்கு 60 கி.மீ. என்பது சட்டம். சீல் உடையாமல், சான்று ஆன்லைனில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கவர்னர் டீசலைத்தான் குறைக்கும். இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது டீசல் அல்ல என்பதால் அங்கே அதனால் பயன் இல்லை.

டயரில் 1.6 மி.மீ. பட்டன் (பள்ளத்தின் ஆழம்) இருந்தால் சட்டத்துக்குப் போதும். மழைக்கால மலைக்கு அது போதாது. முன் சக்கரத்தில் ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது, வேண்டவே வேண்டாம். பின் பம்பர் தரையிலிருந்து 550 மி.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது. வளைவில் உரசுகிறது என்று சில பட்டறைகள் அதை உயர்த்தி வெல்டிங் வைக்கின்றன. பின்னால் மோதும் கார் அடியில் நுழைந்துவிடும், சம்மதிக்காதீர்கள்.

லோடு பட்டறையின் கையில் இல்லை. ஆனாலும் பிரேக்கைப் பற்றிப் பேசினால் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2018-இல் இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. அதைக் கேள்விப்பட்டுப் பழைய வண்டியிலும் கூடுதலாக ஏற்றுகிறார்கள். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் எடைதான் அந்த வண்டியின் எல்லை. அந்த வண்டியின் டிரம்மும் சேம்பரும் அந்த எடைக்கு வடிவமைத்தவை. கழுவிய கேரட் மூட்டை ஈரத்தோடு ஏறுவதால், மூட்டை எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பும். எடை மேடையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதிக லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், இறக்கும் செலவும் சேரும். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்த ஓனரும் அதில் பொறுப்பு.

ஆவணங்களை மொபைலில் டிஜிட்டலாகக் காட்டலாம். மலைப்பாதையில் பர்லியார் போன்ற இடங்களில் சிக்னலை நம்பாமல் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் பேக்கேஜோடு சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் இரண்டு ரப்பர் வீல் சோக் கேட்டு வாங்குங்கள். வளைவில் நின்றுபோனால் கல் வைத்து, பிறகு அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுப் போவதால் பின்னால் வரும் பைக்குகள் விழுகின்றன.

பில் வாங்கும்போது ஒரே தொகையாக எழுத விடாதீர்கள். பிரேக் பாகங்கள் தனி வரி, ஒவ்வொன்றுக்கும் கம்பெனிப் பெயர், பழைய லைனரும் சீலும் கையில். டெலிவரி எடுக்கும் முன் காலி வண்டியைக் கல்லாறு தாண்டி பர்லியார் வரை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். இறங்கி நின்றவுடன் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் எல்லா டிரம்மையும் பார்க்க வேண்டும், கையை வைக்கக் கூடாது. ஒரே ஆக்சிலில் ஒரு டிரம் மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிரேக் பிடிக்கவே இல்லை. ஒன்று மட்டும் மிக அதிகமாகச் சுட்டால் அது விடுபடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. இந்தச் சோதனை ஓட்டத்துக்கு ஒத்துக்கொள்ளாத பட்டறையில் பெயின்ட் வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.