ப்ரோ கோ ராட் 2 பேஸுக்கு ஆகுமா? ஆகும், ஒரு ரெசிஸ்டரைக் கழட்டினா

"டேய் பேஸ் எங்கடா போச்சு?"ன்னு டிரம்மர் பாட்டு நடுவுல கத்தினப்ப தான் எனக்கே உறைச்சுது. நான் வாசிக்கறது பேஸ் கிட்டார். வீட்ல தனியா வாசிக்கும்போது அவ்ளோ கெத்தா இருந்த டிஸ்டார்ஷன் பெடல் (சத்தத்தைக் கரகரப்பாக்கற பெட்டி), பேண்டோட சேர்ந்ததும் இன்னொரு கிட்டார் மாதிரி மேல மட்டும் கரகரன்னு நிக்குது, கீழ காலியா இருக்கு.

பெடல் ப்ரோ கோ கம்பெனியோட ராட் 2, ராட்னா எலி தானே, எங்க பேண்ட்லயும் பேரு எலி. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து கலமசூ ஊர்ல 70கள்ல பொறந்த டிசைன், கிட்டாருக்குன்னு பண்ணது, அதனால பேஸுக்கு சரியா வரலன்னு அதை குறை சொல்றது நியாயம் இல்ல. ஆனா அந்த சத்தம் எனக்கு வேணும், பேஸுக்குன்னே விக்கிற டிஸ்டார்ஷன்கள் நிறைய கேட்டாச்சு, எல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்கு.

முதல்ல பண்ண தப்பைச் சொல்லிடறேன். பெடல் ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட "பேஸுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுங்க"ன்னு குடுத்தேன். அவரு கண்ணுல பட்ட கெப்பாசிட்டரை எல்லாம் பத்து மடங்கு பெருசா போட்டுட்டாரு. கேக்க லாஜிக் மாதிரி தான் இருக்கும், கெப்பாசிட்டர் பெருசானா பேஸ் ஜாஸ்தி வரும்னு. ஆனா ராட்ல இன்புட் கெப்பாசிட்டர் 22 நேனோ, அதுக்கு 1 மெகா ஓம், கணக்கு போட்டா 7 ஹெர்ட்ஸ்கிட்ட தான் வெட்டுது. பேஸோட கீழ் ஈ ஸ்ட்ரிங்கே 41 ஹெர்ட்ஸ். அங்க பேஸ் தொலையவே இல்லையே, அப்புறம் எதுக்கு அதை 220 ஆக்கணும்? அதோட விட்டிருந்தா பரவால்ல, 2.2 மைக்ரோ இருந்த இடத்துல 22 வேற போட்டதுல, 1500 ஹெர்ட்ஸுக்கு மேல வரவேண்டிய முழு கெயின் (சிக்னலைப் பெருக்கற அளவு) 150லயே ஆரம்பிச்சு, ரெண்டு நோட் சேர்ந்து அடிச்சா களி கிண்டின மாதிரி ஆயிடுச்சு. காசும் போச்சு.

அப்புறம் நானே சர்க்யூட் படத்தை வச்சுகிட்டு உக்காந்தேன். ஆப்-ஆம்ப்ங்கற பெருக்கி சிப்கிட்ட இருந்து கிரவுண்டுக்கு ரெண்டு வழி போகுது. ஒண்ணு 560 ஓம், 4.7 மைக்ரோ, இது 60 ஹெர்ட்ஸ்ல இருந்தே வேலை செய்யுது. இன்னொண்ணு 47 ஓம், 2.2 மைக்ரோ, இது 1500 ஹெர்ட்ஸுக்கு மேல தான். வில்லன் இந்த ரெண்டாவது ஆள். டிஸ்டார்ஷன் நாபை முழுசா திருப்பினா பேப்பர்ல 67 டெசிபல் கெயின், ஆனா அது மேல் பக்கத்துக்கு மட்டும், கீழ 45 டெசிபல் தான் கிடைக்குது. அடுத்து வர்ற டையோடு ரெண்டும் 0.6 வோல்ட்லயே சிக்னலோட தலையை வெட்டிடும். ஸோ இருக்கற கொஞ்ச இடத்தையும் மேல் சத்தமே புடிச்சுக்குது, பேஸ் வரும்போது பஸ் ஃபுல்.

அந்த 47 ஓமைக் கழட்டிட்டா போதும். ரூட்ஸ் மாட்னு பேரு, கிட்டார் பசங்க ரொம்ப வருஷமா பண்றது தான். மஞ்சள், ஊதா, கருப்புன்னு கோடு போட்ட குட்டி ரெசிஸ்டர், ஒரு காலை மட்டும் சால்டர் உருக்கித் தூக்கி விட்டேன். மலையைக் கெல்லி எலியைப் புடிச்ச கதைன்னு சொல்வாங்களே, இங்க எலிக்குள்ளயே கெல்ல வேண்டியதாப் போச்சு. (அவரு போட்ட கெப்பாசிட்டரை எல்லாம் முதல்ல பழையபடி மாத்தினேன், அதுல போர்டுல சால்டர் ஒட்டற ஒரு பேட் பிஞ்சு வந்து, ஜம்பர் போட்டு ஒட்டினது தனி சோகம்.)

கெயின் குறையுது, உண்மை தான், ஆனா சத்தத்துக்கு உடம்பு வந்துடுச்சு. பிக்ல அடிச்சா முதல் தட்டு தெளிவா கேக்குது, நோட் கீழ நிக்குது. ஃபில்டர் நாப் தலைகீழ்ங்கறதை மறந்துடாதீங்க, வலது பக்கம் திருப்பத் திருப்ப மேல் சத்தம் குறையும், பேஸுக்கு நான் மூணு மணி வாக்குல வச்சிருக்கேன். ஆப்-ஆம்ப்பா எல்எம்308 சிப் போட்ட பழைய ராட் தான் வேணும்னு தேடி அதிக காசு குடுக்காதீங்க, பேஸ்ல எனக்கு வித்தியாசமே தெரியல.

டையோடையும் மாத்தினேன், ரெண்டு சிவப்பு எல்இடி. டர்போ ராட்ங்கற இன்னொரு மாடல்ல கம்பெனிக்காரங்களே செய்யறது தான் இது. வெட்டு கிட்டத்தட்ட 1.7 வோல்ட்டுக்குப் போயிடறதால சத்தம் ஏறுது, மெதுவா அடிச்சா மெதுவா வருது, விரல்ல வாசிக்கறவங்களுக்கு இது பெரிய விஷயம். ஆனா ராட்டோட அந்த முரட்டுத்தனம் கொஞ்சம் குறையுது. எனக்கு ஓகே, எங்க கிட்டாரிஸ்ட்டுக்குப் புடிக்கல, அவன் காசா குடுத்தான்?

இப்ப உண்மையைச் சொல்லணும்னா, இதுக்கெல்லாம் அப்புறம் பாஸ் (Boss) கம்பெனியோட எல்எஸ்-2, அதாவது சிக்னலை ரெண்டு லூப்பா பிரிச்சு மறுபடி கலக்கற பெடல், செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சுது. ஏ லூப்ல எலி, பி லூப்ல வெறும் பேட்ச் கேபிள், ரெண்டையும் கலக்கற மோட்ல போட்டா கிளீன் பேஸ் அடியில அப்படியே ஓடுது, டிஸ்டார்ஷன் மேல உக்காருது. ராட் சிக்னலை தலைகீழா திருப்பறது இல்ல, அதனால கலக்கும்போது ஒண்ணை ஒண்ணு தின்னுடறதும் இல்ல. இப்படி கலக்கும்போது கேட்டா, 47 ஓம் இருக்கறது தான் நல்லா இருக்கு! கீழ் பக்கத்தை கிளீன் பாத்துக்குது, எலி மேல கத்தினா போதும். இந்த மாதிரி கலக்கற பெடல் (பிளெண்டர்) ஏற்கெனவே வச்சிருக்கறவங்க பெடலைத் திறக்கவே வேணாம்.

இதனால ரெசிஸ்டரை நிரந்தரமா எடுக்காம ஒரு டாகிள் ஸ்விட்ச்ல கட்டிட்டேன். முதல் நாள் பிராக்டிஸ்ல அதைத் தட்டினதும் ஸ்பீக்கர்ல "டொப்"புன்னு ஒரு சத்தம், ஆம்ப் போச்சுன்னே நினைச்சேன். கெப்பாசிட்டர் திடீர்னு சார்ஜ் ஆகறதால வர்றது அது. ஸ்விட்ச்சோட ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டா அடங்கிடுது.

கச்சேரிக்கு எல்எஸ்-2 தூக்கிட்டுப் போக சோம்பலா இருந்தா 47 ஆஃப், ரெக்கார்டிங்னா ஆன். அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ்ல கீழ் பி, அதாவது 31 ஹெர்ட்ஸ், அதுக்கு எந்தப் பக்கம் தட்டினாலும் பிளெண்ட் இல்லாம சரியா வரல, அந்தப் பாட்டுக்கு மட்டும் எல்எஸ்-2வைத் தூக்கித் தான் ஆகணும்.