மினியேச்சருக்கு மலிவான ஸ்ப்ரே ப்ரைமர்: கார் பெயின்ட் கடை டின்னா, ஹாபி டின்னா, ஏர்பிரஷ்ஷா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கார் பெயின்ட் கடையில் விற்கிற சாம்பல் நிற ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) டின் பக்கம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். நான் பெயின்ட் செய்வது மேசை விளையாட்டுக்கான 28, 32 மில்லிமீட்டர் உருவங்கள். பெரும்பாலானவை ரெசின் என்கிற திரவப் பிசினை இறுக்கி உருவமாக்கும் 3டி பிரிண்டரில் எடுத்தவை, கொஞ்சம் பிளாஸ்டிக் கிட். மேலே பூசுவது தண்ணீரில் கரைகிற அக்ரிலிக். இருப்பது சென்னை. இந்தக் கடைசித் தகவல்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அதைப் பற்றி நிறையவே பேச வேண்டியிருக்கிறது.

ப்ரைமர் எதற்கு என்று நீட்டத் தேவையில்லை. வெறும் பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் அக்ரிலிக் பிடிக்காது, பகடை உருளும் விளையாட்டு மேசையில் நாலு முறை கையில் எடுத்தாலே வாள் நுனியிலும் முழங்காலிலும் பெயின்ட் போய்விடும். ப்ரைமர் அதைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

மாடல் செய்பவர்களுக்கென்றே வருகிற ஹாபி டின்களை எடுத்துக்கொள்வோம். சிட்டடெல் கேயாஸ் பிளாக், ஆர்மி பெயின்டர், டாமியா ஃபைன் சர்ஃபேஸ் ப்ரைமர், மிஸ்டர் சர்ஃபேசர், இவை எல்லாமே நல்ல சரக்கு. டாமியாவும் மிஸ்டர் சர்ஃபேசரும் லாக்கர் வகை (சீக்கிரம் ஆவியாகிற கரைப்பானில் கலந்தது), படலம் மிக மெல்லியது, கண் இமை வரை தெளிவாக நிற்கும். மிஸ்டர் சர்ஃபேசரில் 500, 1000, 1200, 1500 என்று எண் இருக்கும், எண் ஏற ஏற பூச்சு நைஸாகும். சின்ன உருவத்துக்கு 1000க்குக் கீழே போக வேண்டாம். பிரச்சினை தரத்தில் இல்லை. ஸ்ப்ரே டின் என்பது தீப்பற்றக்கூடிய அழுத்தக் கொள்கலன் என்பதால் விமானத்தில் சாதாரணப் பார்சலாக அனுப்ப முடியாது. கப்பலில், தரைவழியில் வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிடுகிறது. கடையில் ஸ்டாக் இருக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த முறை அதே டின் கிடைக்குமா என்பது கடைக்காரருக்கே தெரியாது. டாமியா டின் 180 மில்லிதான், கார் கடை டின் பொதுவாக 400 மில்லி. மில்லிக் கணக்கில் பார்த்தால் விலை வித்தியாசம் பல மடங்கு.

சரி, கார் பெயின்ட் கடை. சென்னையில் என்றால் ஜிபி ரோடு, புதுப்பேட்டை பக்கம் போனால் போதும். அவ்வளவு தூரம்கூட வேண்டாம், பேட்டைக்கு ஒன்று இருக்கிற டிங்கரிங் பெயின்ட் கடையிலேயே கிடைக்கும். ஆனால் கடையில் போய் வெறுமனே ப்ரைமர் என்று கேட்டால் இரும்புக் கதவுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு டப்பாவை எடுத்து வைப்பார்கள். அது நமக்கு ஆகாது. பிரஷ்ஷில் அடிக்கிற கனமான சரக்கு, காய நாளாகும், முகத்தையே மூடிவிடும். "அண்ணா, கார் டச்சப்புக்கு அடிக்கிற கிரே ப்ரைமர், ஸ்ப்ரே டின்ல, மேட்டா இருக்கணும்" என்று கேளுங்கள். அப்புறம் டின்னைத் திருப்பி மூன்று விஷயம் பாருங்கள். அக்ரிலிக் அல்லது லாக்கர் என்று இருந்தால் நல்லது, எனாமல் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காயும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம் என்றிருந்தால் சரி, மணிக்கணக்கில் போட்டிருந்தால் அது நம் ஆள் இல்லை. ஃபில்லர், ஹை பில்ட் என்ற சொல் இருந்தால் அது காரில் கீறலை நிரப்ப வந்த ப்ரைமர். இழை உருக்கி அடுக்கும் பிரிண்டரில் எடுத்த கோட்டைச் சுவர், கட்டடம் மாதிரி பெரிய துண்டுகளில் வரி மறைய அது அருமையாக உதவும். 28 மில்லிமீட்டர் முகத்தில் அடித்தால் மூக்கும் வாயும் ஒன்றாகிவிடும்.

அதே அலமாரியில் மேட் பிளாக் ஸ்ப்ரே பெயின்ட்டும் இருக்கும். பெயரில் ப்ரைமர் இல்லாவிட்டாலும் பலர் அதையே ப்ரைமராக அடிக்கிறார்கள், பிளாஸ்டிக் கிட்டில் அது நன்றாகவே பிடிக்கிறது. பளபளக்கிற கிளாஸ் (gloss) வகை மட்டும் வேண்டாம், வழவழப்பான பரப்பில் மெல்லிய அக்ரிலிக் ஒதுங்கி ஓடும். வெள்ளை டின்னையும் கடைசியில் வையுங்கள். வெள்ளையில் நிறமித்தூள் அதிகம், மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் பொடிபொடியாக உட்காரும். எனக்கு வெள்ளை வேண்டும் என்றால் சாம்பல் அடித்துவிட்டு மேலிருந்து வெள்ளை அக்ரிலிக்கை ட்ரை பிரஷ் செய்துகொள்கிறேன், அதாவது பெயின்ட்டைத் துடைத்தெடுத்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்க்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம், காற்றின் ஈரப்பதம். வெளிநாட்டு வீடியோக்களில் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் கவலை குளிர். அமெரிக்காவில் மலிவு ப்ரைமர் என்றாலே பேசப்படுகிற ரஸ்ட்-ஓலியம் 2எக்ஸ் டின்னில் போட்டிருக்கிற நிபந்தனை: வெப்பம் 10 முதல் 32 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழ். இந்த இரண்டும் சென்னையில் ஒரே நேரத்தில் அமைகிற பொழுதுகள் வருடத்தில் எவ்வளவு குறைவு என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன நடக்கிறது என்றால், டின்னிலிருந்து வருகிற கரைப்பானும் வாயுவும் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்கின்றன. அடித்துக்கொண்டே இருந்தால் டின் கையில் சில்லென்று ஆவது அதனால்தான். பெயின்ட் விழுந்த பரப்பும் அதேபோல் குளிர்கிறது. காற்று 30 டிகிரியில், 75 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படிய ஆரம்பிக்கிற வெப்பநிலை) ஏறக்குறைய 25 டிகிரி. அதாவது பரப்பு ஐந்து டிகிரி குளிர்ந்தாலே போதும், ஈரமான படலத்தின் மேல் தண்ணீர் படிந்துவிடும். அதுதான் ப்ரைமர் வெளுத்துப் பூப்பது. கறுப்பு அடித்தால் சாம்பல் படர்ந்த மாதிரி தெரியும், தொட்டால் மாவு ஒட்டும், அதற்கு மேல் பூசுகிற எதுவும் உறுதியாக நிற்காது. அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிநிலை 18 டிகிரிக்கு இறங்கிவிடும். பன்னிரண்டு டிகிரி குளிர வேண்டும், மெல்லிய கோட்டில் அவ்வளவு குளிர்வதில்லை. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிற நண்பர்கள் ஏன் இந்தத் தொல்லையைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

மே மாதம் இதற்கு நேர் எதிர்த் தொல்லை. மேற்குக் காற்றில் நண்பகல் 38, 40 டிகிரிக்கு வறண்டு காயும்போது துளிகள் உருவத்தைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்து தூளாக வந்து விழும். பரப்பு உப்புத்தாள் போல் சொரசொரப்பாகிவிடும். அப்போது தூரத்தைக் குறைக்க வேண்டும். சாதாரணமாக 20 முதல் 30 சென்டிமீட்டர் என்பார்கள், நான் அந்த வெயிலில் 15 வரை கிட்டே போவேன், ஆனால் அழுத்துகிற நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவேன்.

இதில் விலை எங்கே வருகிறது என்று கேட்கலாம். ஈரக்காற்று டின்னின் விலையைப் பார்ப்பதில்லை. அக்டோபர் மழைக்காற்றில் வெளிநாட்டு டின்னும் பூக்கும், உள்ளூர் டின்னும் பூக்கும். ஹாபி டின்னுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம் நைஸான துளிக்கும் மெல்லிய படலத்துக்கும்தான், அந்த இரண்டையும் நம் ஊர்க் காற்று பாதி நாள் தின்றுவிடுகிறது. மலிவு டின்னில் இன்னொரு சௌகரியம் உண்டு. ஒவ்வொரு முறையும் உருவத்தில் அடிப்பதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்து, பத்து நிமிடம் காயவிட்டு, விரலால் தேய்த்துப் பார்க்கிறேன். மாவு வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, டின் உள்ளே போய்விடும். இந்தச் சோதனைக்கு ஆகிற பெயின்ட் எனக்கு உறுத்துவதே இல்லை. அபூர்வமாகக் கிடைத்த விலையுயர்ந்த டின்னாக இருந்தால் ஸ்பூனுக்கு அடிக்க மனசு வராது, நேரே உருவத்தில் அடிக்கத்தான் தோன்றும். சென்னையில் ப்ரைமர் நன்றாக வருவதற்கு அந்த ஸ்பூன்தான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன், எந்த பிராண்டையும்விட.

கூடவே சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். விடியற்காலையில் காற்று குளிர்ச்சியாக இருக்கிறதே என்று மொட்டை மாடிக்குப் போகாதீர்கள், ஒரு நாளில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கிற நேரமே அதுதான். வெயில் ஏறிய பிறகு, கடல் காற்று உள்ளே வருவதற்கு முன், பதினொரு மணியை ஒட்டிய நேரம்தான் நமக்கு வாய்த்தது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நிறைய அடித்து வைத்துக்கொள்கிறேன். ப்ரைமர் அடித்த உருவத்தைத் தூசி படாமல் ஒரு டப்பாவில் மூடி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், பெயின்ட்டை மழைக்காலத்தில் சாவகாசமாகச் செய்யலாம்.

ஏர்பிரஷ் (கம்ப்ரசர் காற்றால் பெயின்ட்டைத் தூவுகிற சின்னக் கருவி) வழியையும் நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈரப்பதம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் அதுதான் ஜெயிக்கிறது. வல்லேஹோ சர்ஃபேஸ் ப்ரைமர் மாதிரியானவை தண்ணீரில் கரைகிற பாலியூரிதேன் அக்ரிலிக். பூப்பது என்ற பேச்சே இல்லை, மழை நாளிலும் அறைக்குள் அடிக்கலாம், மெதுவாகக் காயும் அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டால் நன்றாக இறுகும். ஆனால் இந்த வகையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பொடியாகத் தேயாமல் படலமாக உரிந்து வரும், அதனால் இடுக்கு, தழும்பு எல்லாவற்றையும் ப்ரைமருக்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். அப்புறம் கம்ப்ரசர், ஏர்பிரஷ், ஒவ்வொரு முறையும் கழுவுகிற வேலை. சென்னையில் கம்ப்ரசர் குழாயில் தண்ணீர் சேரும், ஈரம் பிடிக்கிற வடிகட்டி இல்லாமல் அடித்தால் நடுவில் தண்ணீர்த் துளி துப்பும். ஏற்கெனவே ஏர்பிரஷ் வைத்திருப்பவர் டின் பக்கமே வர வேண்டாம். ப்ரைமருக்காக மட்டும் அதை வாங்குவது மலிவு வழி ஆகாது. அதே வல்லேஹோவை பிரஷ்ஷிலும் பூசலாம், ஐந்தாறு உருவத்துக்குப் போதும், ஒரு படையே நிற்கிறது என்றால் பொறுமை தீர்ந்துவிடும்.

உருவம் எதில் செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஹார்டான பாலிஸ்டைரீன் கிட்டில் கார் ப்ரைமரை மெல்லிய கோட்டாக அடித்தால் தொல்லை இல்லை. ஒரே மூச்சில் ஈரம் சொட்டச் சொட்ட அடித்தால் அந்தக் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்னும், அதனால் தேவையில்லாத ஸ்ப்ரூ (கிட்டின் பாகங்களைத் தாங்குகிற சட்டம்) துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள். பிரிண்ட் எடுத்த ரெசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, புற ஊதா ஒளியில் முழுக்க இறுகவிட்ட பிறகுதான் தொட வேண்டும், இல்லையென்றால் எந்த ப்ரைமரும் பிசுபிசுக்கும். ரீப்பர் போன்ஸ் மாதிரி வளைகிற வினைல் உருவங்களில் ஸ்ப்ரே டின்னே வேண்டாம், பல டின்கள் அதில் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பது பலர் சொல்கிற அனுபவம். அங்கே பிரஷ் ப்ரைமர்தான் பாதுகாப்பு. உலோக உருவங்கள் நான் அதிகம் தொட்டதில்லை. கார் ப்ரைமர் உலோகத்துக்கென்றே வந்தது என்பதால் நன்றாகத்தான் பிடிக்க வேண்டும், கையிலிருக்கிற ஒன்றிரண்டில் பிடித்திருக்கிறது, அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். பல வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதற்கும் அதே பதில்தான்.

மலிவு டின்னில் எனக்கு இருக்கிற ஒரே நிஜமான குறை, டின்னுக்கு டின் மாறுவது. ஒரே பெயர், ஒரே சாம்பல், ஆனால் ஒன்று நைஸாக வரும், அடுத்ததில் நாசில் விரிந்து அடிக்கும். நன்றாக அடிக்கிற நாசிலை டின் காலியானதும் கழற்றித் தின்னரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், தண்டின் அளவு பொருந்தினால் அடுத்த டின்னில் மாட்டலாம். வேலை முடிந்ததும் டின்னைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு மட்டும் வரும்வரை ஒரு நொடி அழுத்தினால் நாசில் அடைக்காது. அடிப்பதற்கு முன் குறைந்தது இரண்டு நிமிடம் குலுக்குங்கள், உள்ளே குண்டு ஓடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு இரண்டு நிமிடம். டின்னை வெயிலிலோ காருக்குள்ளோ வைக்காதீர்கள், 50 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று டின்னிலேயே எழுதியிருக்கும், மே மாதத்துக் கார் அதைச் சுலபமாகத் தாண்டும். துணி மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் கரைப்பான் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். ஒரு டின் விலையைவிட அது கூடுதலாக இருந்தாலும் முதலில் அதை வாங்கிவிட்டு அப்புறம் டின்னை வாங்குங்கள்.