240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் சில ஆண்டுகள்: கண்ணின் எல்லை எங்கே இருக்கிறது?

மனிதக் கண்ணால் வினாடிக்கு 60 ஃபிரேம்களுக்கு (தனித்தனிப் படங்களுக்கு) மேல் பார்க்க முடியாது, ஆகவே அதற்கு மேல் செலவழிப்பது வீண் என்ற பேச்சு கேம் ஆடுவோரிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. 27 அங்குல அளவும் 1440பி (2560 × 1440 பிக்சல்) தெளிவும் விஏ பேனலும் (எல்சிடி திரையில் ஒரு வகை) கொண்ட, வினாடிக்கு 240 முறை படத்தைப் புதுப்பிக்கும் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றைச் சில ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். அதையே 60, 120, 144 எனக் குறைத்து வைத்து வாரக்கணக்கில் ஆடியும் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு ஒரே ஓர் எல்லை எண் கிடையாது. எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த எல்லை மாறுகிறது என்பதே இதில் எனக்குத் தெளிவானது.

60 என்ற எண் காற்றிலிருந்து வந்ததல்ல. விட்டுவிட்டு எரியும் விளக்கின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது தொடர்ந்து எரிவதாகவே தோன்றும். பலருக்கு இது 50 முதல் 60 ஹெர்ட்ஸ் அளவில் நிகழ்கிறது. வெளிச்சம் கூடக்கூட அந்த அளவும் ஏறுகிறது. திரையரங்குகளில் வினாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் படச்சுருள் ஓடிய காலத்தில், புரொஜக்டரின் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு அல்லது மூன்று முறை காட்டி 48 அல்லது 72 ஒளிவீச்சுகளாக ஆக்கியது இதற்காகத்தான். பழைய சிஆர்டி (படக்குழாய்) மானிட்டரை 60-இல் வைத்தால் கண் வலித்ததும், 85-இல் வைத்தால் அந்தத் தொல்லை அடங்கியதும் இதே காரணத்தால்தான். எல்சிடி திரையோ அப்படி அணைந்து எரிவதில்லை. ஒரு ஃபிரேமைக் காட்டினால் அடுத்தது வரும்வரை அதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. மினுமினுப்புக்கான எல்லையை அதில் ஓடும் கேமுக்குப் பொருத்திப் பேசுவதில் பயனில்லை.

எல்சிடியில் சிக்கல் வேறிடத்தில் எழுகிறது. டோட்டா 2-இல் வரைபடத்தை வேகமாக நகர்த்தும்போது, வீரர்களின் தலைக்கு மேலுள்ள பெயரைப் படிக்க முயன்று பாருங்கள். 2560 பிக்சல் அகலமுள்ள திரையை அந்தப் பெயர் ஒரு வினாடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண் அதைப் பின்தொடர்ந்து சீராக நகர்கிறது. ஆனால் 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிவினாடி ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த நேரத்துக்குள் கண் ஏறத்தாழ 43 பிக்சல் தூரம் போய்விடுவதால், நின்ற படம் விழித்திரையில் அத்தனை தூரம் இழுபடுகிறது. மூன்று நான்கு எழுத்துகளின் அகலம் அது. பெயர் வெறும் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். 240 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 4.2 மில்லிவினாடி, இழுபடுவது ஏறக்குறைய 11 பிக்சல். ஓரங்கள் சற்று மங்கியிருந்தாலும் பெயரைப் படித்துவிடலாம். அதிக ஃபிரேம்களை நம்மால் எண்ண முடிகிறது என்பதல்ல இங்கே நிகழ்வது. நகரும் பொருளின் கூர்மை கெடாமல் தப்புகிறது, அவ்வளவே.

கண்ணைப் பொருளோடு நகர்த்தாமல் ஓரிடத்தில் நிறுத்தினால் இன்னொன்று தெரியும். கறுப்புப் பின்னணியில் மவுஸ் அம்புக்குறியை வேகமாக வீசினால், 60-இல் தனித்தனி அம்புகள் இடைவெளிவிட்டுத் தெரிகின்றன. 240-இல் அவை நெருங்கி வருகின்றனவே தவிர மறைந்துவிடுவதில்லை. அந்த வகையில் 240-உம் கண்ணின் எல்லையைத் தொடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கூரிய விளிம்புகள் கொண்ட படத்தை மாற்றி மாற்றிக் காட்டும்போது 500 ஹெர்ட்ஸிலும் மனிதர்கள் மினுமினுப்பை உணர்கிறார்கள் என்று டேவிஸ், ஷியே, லீ ஆகியோர் 2015-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் காட்டியிருக்கிறார்கள். கண் ஓயாமல் துள்ளி அசைந்துகொண்டிருப்பதை அவர்கள் இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, 60-லிருந்து 120-க்கு மாறியதில் கிடைத்த வேறுபாடு 120-லிருந்து 240-க்கு மாறியதில் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் மாற்றத்தில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 8.3 மில்லிவினாடி மிச்சமாகிறது. இரண்டாவதில் எண் இன்னும் பெரிதாகத் தாவினாலும் மிச்சம் 4.2 மட்டுமே. கவுன்டர்-ஸ்டிரைக் 2-இல் மூலையிலிருந்து எதிரி வெளிப்படும் கணத்தில் இந்த 4.2 உதவுவதாக உணர்கிறேன். மெதுவாக நடந்து ஊர் சுற்றும் கேம்களில் எந்த எண்ணில் ஓடுகிறது என்பதே மறந்துபோகிறது.

மறக்க முடியாதது சீரின்மை. சராசரி 110 எஃப்.பி.எஸ் (வினாடிக்கு 110 ஃபிரேம்) என்று மூலையில் எண் பெருமையடித்துக்கொண்டிருக்கும். இடையில் ஒரே ஒரு ஃபிரேம் 50 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், நல்ல சாலையில் திடீரெனப் பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டிபோல் அந்தக் குலுக்கலைக் கண் உடனே பிடித்துவிடுகிறது. கணினியில் 60-க்கு மேல் போகாதபடி கட்டப்பட்ட எல்டன் ரிங், தடுமாறாமல் ஓடும் இடங்களில், 80-க்கும் 140-க்கும் இடையே அலைபாயும் வேறு பல கேம்களைவிட எனக்கு இதமாக இருந்தது. கிராபிக்ஸ் கார்டு ஃபிரேமை முடிக்கும் நேரத்துக்கேற்ப திரை தன்னை மாற்றிக்கொள்ளும் வசதியை, 2013-இல் என்விடியா நிறுவனம் ஜி-சிங்க் என்றும் அடுத்த ஆண்டு வெசா தர அமைப்பு அடாப்டிவ்-சிங்க் என்றும் அறிவித்தன. 240 என்ற எண்ணைவிட இந்த வசதிக்கே நான் பணம் கொடுப்பேன். 2022-இல் வந்த என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3, இடையிடையே புது ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் சேர்த்து எண்ணை உயர்த்துகிறது, நகர்வும் கூர்மையாகிறது. ஆனால் கையசைவுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் அதனால் குறைவதில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். என் மானிட்டரின் விஏ பேனலில், கறுப்பிலிருந்து கரும்சாம்பல் நிறத்துக்கு மாறும் பிக்சல்கள் 4.2 மில்லிவினாடிக்குள் மாறி முடிப்பதில்லை. இருட்டுக் குகைக் காட்சிகளில் நிழல் பின்னால் இழுபடுகிறது. அந்த இடங்களில் 240 என்பது பெட்டியின் மேல் அச்சிட்ட எண் மட்டுமே. எல்லாக் கேமையும் முழு வேகத்தில் ஓடவிட்டால் கிராபிக்ஸ் கார்டின் சூடும் விசிறிச் சத்தமும் கோடையில் பொறுக்க முடியாத அளவுக்குப் போகின்றன. ஆகவே கதை சார்ந்த கேம்களை 100 எஃப்.பி.எஸ்-இல் கட்டிவைக்கிறேன், போட்டி ஆட்டங்களை மட்டும் 237-இல் நிறுத்துகிறேன், ஏனெனில் மானிட்டரின் உச்சத்துக்குச் சற்றுக் கீழே நின்றால்தான் அடாப்டிவ்-சிங்க் விலகாமல் வேலை செய்யும்.

புதிதாக வாங்குவோர் கேபிளையும் கவனிக்க வேண்டும். 1440பி தெளிவில் ஹெச்டிஎம்ஐ 2.0 வழியாக 144 ஹெர்ட்ஸ்தான் நடைமுறையில் கிடைக்கும். 240 வேண்டுமானால் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 அல்லது ஹெச்டிஎம்ஐ 2.1 தேவை. இணைத்த பிறகு விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரிஃப்ரெஷ் ரேட் 60-இல் நிற்கிறதா என்று பார்த்து நாமே மாற்ற வேண்டியிருக்கும்.