"செக் பண்ணியாச்சு" என்ற அட்டையை நம்பாதீர்கள்: 303 துவக்கில் போன 1,220 டொலர்

கை இன்னும் பதறுகிறது, அதனால் எழுத்து முன்பின்னாக இருக்கும். ரொறன்ரோவுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், பழைய ராணுவச் சாமான் விற்கிற ஒரு துவக்குக் கடை. பெயர் சொல்லப் போவதில்லை. பேச்சு கோர்ட் பக்கம் போகிறபடியால் சொல்லவும் கூடாது. அங்கே ஒரு லீ என்பீல்ட் நம்பர் 4 துவக்கும், அதற்கு ரவை நிரப்ப 100 வெற்றுக்கோதும் (மருந்தும் சன்னமும் இல்லாத பித்தளை உறை) வாங்கினேன். துவக்கு 950, கோது 130, வரியோடு 1,220 டொலர். இன்றைக்கு என்னிடம் இருப்பது சுட முடியாத ஓர் இரும்பும், ஒரு பை ஓட்டைப் பித்தளையும்.

ஏன் இந்தத் துவக்கு என்று கேட்பீர்கள். ஊரில் பொலிஸ்காரரின் தோளில் பார்த்த அதே 303 தான். ஆனால் இது இங்கேயே செய்தது. மிசிசாகாவில் ஏரிக்கரைப் பக்கம் இருந்த லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் 1941 முதல் யுத்தம் முடியும்வரை இவற்றைச் செய்து தள்ளினார்கள், பெரும்பாலும் பெண்கள். வடக்கே கனேடிய ரேஞ்சர்கள் (ராணுவத்தின் பகுதிநேரக் காவல் படை) இதே ரகத்தைச் சில வருடங்களுக்கு முன்வரை தோளில் வைத்திருந்தார்கள். மான் வேட்டைக்குத் தாராளமாகப் போதும். கடை ரவைதான் விலை. மலிவாகக் கிடைத்த ராணுவ மிச்ச ரவையும் இப்போது கண்ணில் படுவதில்லை. கிடைத்தாலும் பழைய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) குழலை அரித்துவிடும், சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆகவே கோது வாங்கி வீட்டிலேயே நிரப்புவதுதான் வழி. சொந்தப் பாவனைக்கு நிரப்பச் சட்டத்தில் தடையில்லை. விற்கத்தான் கூடாது.

இனி அந்த மனுஷன். கடைக்காரர் அறுபது வயது மதிக்கலாம், தேன் மாதிரிப் பேச்சு. சுவரில் இருந்த துவக்கை இறக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து, இடப்பக்கம் பொறித்திருந்த "லோங் பிராஞ்ச் 1943" என்பதைக் காட்டினார். பிறகு என் விரலைப் பிடித்து முதலில் போல்ட்டின் (ரவையைத் தள்ளிக் குழலை மூடும் உருளை) கைப்பிடியின் பின்புறத்திலும், பிறகு கட்டைக்கு முன்னால் இருக்கும் இரும்பிலும் வைத்தார். "பாருங்கள், ஒரே இலக்கம். தொழிற்சாலையில் சேர்ந்தது, இன்னும் பிரியவில்லை." விசைக் காவலில் ஒரு மஞ்சள் அட்டை நூலில் தொங்கியது. அதில் "ஹெட்ஸ்பேஸ் சரி" என்று எழுதி, ஒரு சரி அடையாளமும் யாரோ ஒருவரின் கையெழுத்தும். "எங்கள் கன்ஸ்மித் (துவக்குத் திருத்துபவர்) தானே சோதித்தது. நான் என் மகனுக்குக் கொடுப்பேன் இதை" என்றார். அந்த மகன் கதையில்தான் நான் கடனட்டையை எடுத்தேன். வீட்டில் நிரப்பிச் சுடப் போகிறேன் என்று சொன்னதும் உள்ளே போய் அந்தக் கோதுப் பையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஒருதரம் மட்டும் சுட்டதாம். ரசீதிலும் அப்படியே எழுதித் தந்தார், அது இப்போது என் பெட்டிக்குள் இருக்கிறது.

ஹெட்ஸ்பேஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 303 ரவையின் அடியில் ஒரு விளிம்பு இருக்கிறது. போல்ட்டின் முகத்துக்கும் அந்த விளிம்பு போய் முட்டும் இடத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஒரு அளவுக்கு மேல் போகக்கூடாது. 0.064 அங்குலக் கேஜில் (உள்ளே வைத்துப் பார்க்கும் அளவுத் துண்டு) போல்ட் மூட வேண்டும். ராணுவக் கணக்கில் 0.074 இல் மூடவே கூடாது. கூடினால், வெடிக்கிற நேரம் கோது பின்னுக்கு இழுபட்டு, விளிம்புக்குச் சற்று மேலே மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும். லீ என்பீல்டில் போல்ட்டைப் பூட்டுகிற காதுகள் பின்பக்கம் இருப்பதால் நல்ல துவக்கிலேயே கோது கொஞ்சம் நீளும். போதாக்குறைக்குச் சேறும் மணலும் பட்டாலும் ரவை ஏற வேண்டும் என்று யுத்தகாலத்தில் சேம்பரையும் (ரவை அமரும் குழல் அறை) தாராளமாகவே குடைந்தார்கள். அதனால்தான் நம்பர் 4 இன் போல்ட் தலையைக் கழற்றி மாற்றலாம்: 0, 1, 2, 3 என்று இலக்கம் ஏற ஏற நீளம் மயிரிழை அளவு கூடும்.

நான் கோதுகளைக் கழுவி, நீளம் அளந்து, வாயில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் நிரப்பினேன். வெளியே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. 174 கிரெய்ன் சன்னம், கையேட்டில் சொன்ன ஆகக் குறைந்த வெடிமருந்து. வேகம் அளக்கிற கருவியும் முன்னால் வைத்தேன். பழைய மார்க் 7 ராணுவ ரவை விநாடிக்கு 2,440 அடி போகும். என்னுடையது ஒன்றுகூட அந்த வேகத்தைத் தொடவில்லை. இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்பது கீழே விளங்கும்.

சுடுதளத்தில் முதல் சில ரவைகள் ஒழுங்காகப் போயின, இலக்கில் பட்ட இடங்களும் ஓரளவு நெருக்கம்தான். பிறகு ஒன்று, சத்தமே வேறாக, சப்பென்று வெடித்தது. கன்னத்தில் சூடாக ஒரு ஊதல். பாதுகாப்புக் கண்ணாடியில் கரும்புள்ளிகள். போல்ட்டை இழுத்தால் கோதின் அடித்துண்டு மட்டும், கட்டைவிரல் நகத்தளவு உயரத்தில், வெளியே விழுந்தது. முறிந்த ஓரம் முழுக்க வெட்டுப்பட்ட மாதிரி மினுங்கியது. மிச்சக் கோது உள்ளே சேம்பரில் இறுகி நிற்கிறது. பக்கத்து மேசையில் இருந்த அண்ணை ஓடிவந்து பார்த்துவிட்டு, "தம்பி, இனி ஒண்டும் சுடாதை, அப்படியே வை" என்றார். இந்த ரவைக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 49,000 இறாத்தல். அதில் ஒரு பங்கு முகத்துப் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

வேறொரு கன்ஸ்மித்திடம் கொண்டுபோனேன். முறிந்த கோதை அதற்கென்று இருக்கிற சின்னக் கருவியால் இழுத்து எடுத்தார். பிறகு 0.074 கேஜை வைத்துப் போல்ட்டை ஒரு விரலால் தள்ளினார். தடையே இல்லாமல் மூடியது. ஒரு விரலால்! அந்த மஞ்சள் அட்டையில் சரி அடையாளம் போட்ட ஆள் கேஜைக் கையால் தொட்டிருந்தால் இது தெரியாமல் போகாது.

அதோடு முடியவில்லை. பூதக்கண்ணாடியைக் கையில் தந்து போல்ட் கைப்பிடியைப் பார்க்கச் சொன்னார். பழைய இலக்கத்தை அரத்தால் ராவி, அதன் மேல் புது இலக்கம் அடித்திருக்கிறது. ராவிய இடம் லேசாகப் பள்ளம், வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால் அடியில் ஒரு பழைய 7 இன் வால் தெரிகிறது. எழுத்தின் வடிவமும் இரும்பில் இருப்பதோடு ஒக்கவில்லை. நீல மை பூசிப் பார்த்தால் போல்ட்டின் இரண்டு காதில் ஒன்றுதான் உரசுகிறது. மற்றது சும்மா நிற்கிறது. அதாவது ஏதோ உதிரிப்பாகப் பெட்டியில் கிடந்த போல்ட். "3 ஆம் இலக்கத் தலை போட்டாலும் இதற்குப் போதாது, காதும் பொருந்தவில்லை" என்று சொல்லி, சுட வேண்டாம் என்று எழுதியும் தந்தார். "ஒரே இலக்கம்" என்ற பெயருக்காகத்தான் இந்தத் துவக்குகளுக்குச் சில நூறு டொலர் கூடப் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோதுப் பை இன்னும் கேவலம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொஞ்சம் வளைத்து உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்தால், மெலிந்த இடத்தில் கொக்கி தட்டுப்படும். நான் தொடாத கோதுகளிலேயே அரைவாசிக்கு மேல் தட்டுப்பட்டது. விளிம்பில், கோதை வெளியே இழுக்கும் போல்ட் கொக்கியின் தடங்கள், வேறு வேறு துவக்குகளுடையவை. பலதரம் சுட்டு, பலதரம் நிரப்பி, கடைசியில் மெலிந்த இடத்து வளையம் வெளியே தெரியாதபடி மினுக்கி விற்றிருக்கிறார்கள். 130 டொலருக்கு.

இனி கடையின் பதில்கள். முதல் தொலைபேசியில் அந்தத் தேன் மனுஷன் என் பெயரையே நினைவில்லாத மாதிரிக் கதைத்தார். "வீட்டில் நிரப்பிய ரவைக்கு நாங்கள் பொறுப்பில்லை." கோது தந்ததே நீங்கள்தானே என்றேன். கன்ஸ்மித் விடுமுறையாம், வந்ததும் அழைப்பார்களாம். அழைக்கவில்லை. மின்னஞ்சல் போட்டேன், படங்களோடு, வேகம் அளந்த கணக்கோடு. பதில்: நீங்கள் மருந்தைக் கூடப் போட்டிருப்பீர்கள். கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேரில் போனேன். அங்கே நின்ற பெடியன் இது "சேகரிப்புப் பொருளாகத்தான்" விற்றது என்றான், சுடுவதற்கில்லையாம். அப்படியென்றால் ஹெட்ஸ்பேஸ் அட்டை எதற்கு? சுவரில் மாட்டி வைக்கிற துவக்குக்கு 100 கோது எதற்கு? ரசீதின் பின்புறத்தில் எறும்பளவு எழுத்தில் "உள்ளபடியே விற்பனை" என்று இருப்பதைக் காட்டினான். முதலாளி துவக்குக் கண்காட்சிக்குப் போய்விட்டாராம். கடைசியில் 100 டொலருக்குக் கடையிலேயே ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தயவு. போனது 1,220, தருவது 100, அதுவும் அதே கடையில் செலவழிக்க! பார்த்த எதையும் தூக்கி எறியாமல் வெளியே வந்ததே பெரிய காரியம்.

ஒரு நல்ல விஷயம். 2022 மே முதல் இப்படியான துவக்கைக் கைமாற்றும்போது வாங்குபவரின் லைசன்ஸைச் சரிபார்த்து அந்தக் கைமாற்றத்துக்கு ஒரு பதிவு இலக்கம் எடுத்தாக வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. ஆகவே "நாங்கள் விற்கவில்லை" என்று மட்டும் சொல்ல முடியாது. ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய் சொல்லி விற்றால் ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து வியாபாரத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம். கேட்டுவிட்டேன், பதிவுத்தபாலில்.

புத்திமதி விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. சரி, அவசரமாகச் சில. அட்டை, சரி அடையாளம், மகன் கதை ஒன்றையும் நம்ப வேண்டாம். காசு கொடுக்கும் முன் உங்கள் கண் முன்னால், உங்கள் கேஜில், போல்ட்டை மூடச் சொல்லுங்கள், மறுத்தால் நடையைக் கட்டுங்கள். போல்ட் இலக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். 303 க்குப் பழைய கோதே வேண்டாம். புதுசு வாங்கி அந்தத் துவக்கிலேயே சுட்டு, பிறகு கோதின் கழுத்தை (சன்னம் பிடிக்கும் பகுதி) மட்டும் அளவாக்கி நிரப்புங்கள், கிளிப்பால் ஒவ்வொரு தரமும் தடவிப் பாருங்கள். கண்ணாடி போடாமல் போல்ட்டைத் தொடவே வேண்டாம். ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள்.

குழல் அளவு பார்ப்பது, சன்னம் தெரிவுசெய்வது பற்றிக் கேட்டவர்களுக்குப் பிறகு ஒருநாள் எழுதுகிறேன். கடைப் பெயரைக் கேட்டுத் தயவுசெய்து தனிச் செய்தி போடாதீர்கள். சின்ன வழக்குக் கோர்ட் படிவம் மேசையில் கிடக்கிறது, தொகைப் பெட்டியில் 1,220 என்று மட்டும் எழுதியிருக்கிறேன், மிச்சத்தை இன்று இரவே நிரப்ப வேண்டும்.